சோபாவில் கிடந்த கை

பொன்னம்பலத்தாரை ஆஸ்பத்திரித் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தியபோது அவருக்கும் மனைவி சிவமணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் அன்னாசி.

அவருடைய எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற இடம் பழுதாகியிருந்தது. நல்ல அணுக்களை முன்கூட்டியே எடுத்துக் குளிரில் வைத்துவிட்டு, பலத்த மருந்தொன்றை ஏற்றி உள்ளே கிடப்பதையெல்லாம் அழித்து, பிறகு எடுத்து வைத்ததைத் திரும்ப உடம்பில் விடுவார்கள். அந்த நாட்களில் அவருடைய உடம்பு அடுத்தவரின் தும்மலைக்கூடத் தாங்காது. ஆகவே இப்போதிருந்தே றோட்டில் வெட்டி வைத்த எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று டொக்டர் மூன்று மொழியிலும் சொல்லியிருந்தார். தமிழில் சொன்னபோது பொன்னம்பலத்தார் தலையாட்டினார். சிங்களத்தில் சொன்னபோதும் ஆட்டினார். ஆங்கிலத்தில் சொன்னபோது “ஒஃப் கோர்ஸ், டொக்டர்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதற்கு முதல் நாள் பின்னேரம், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மரின் டிரைவில் ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், முன்னர் கப்பற் கந்தோரில் கூட வேலை பார்த்த சிநேகிதர் கிளெமென்றோடு நின்று, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய அன்னாசியைக் குச்சியால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிய சிவமணி கண்டுவிட்டாள்.

“சாகிறதெண்டால் வீட்டில வந்து சாகுங்கோ. றோட்டில நிண்டு சாகாதையுங்கோ,” என்றாள்.

தள்ளுவண்டிக்காரர் கேட்டார். கிளெமென்ற் கேட்டார். கடற்காற்று வாங்க வந்த பாதி வெள்ளவத்தை கேட்டது. பொன்னம்பலத்தார் மிச்சமிருந்த துண்டை அவளைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினார். அதன் பிறகு அவளோடு வாயைத் திறக்கவில்லை.

தனியறைக்குப் போன பிறகும் அப்படியே. சிவமணி காலையில் உடுப்புப் பையைக் கொண்டுபோய்க் கீழ்வாசலில் கொடுத்துவிட்டு வரலாம், மேலே விடமாட்டார்கள். தாதி அறையிலிருந்து தொலைபேசி எடுப்பாள். பின்னால் அவருடைய குரல் கேட்கும்: “அவவிட்டச் சொல்லுங்கோ, உடுக்கச் சாரம் காணும், இனி வேண்டாம் எண்டு.” சிவமணியும் விடுவாளா? “சாரம் காணுமெண்டால் துடைக்கத் துவாய் வேணுமோ எண்டு அவரைக் கேளுங்கோ, மிஸ்.” முப்பத்தாறு வருஷக் குடித்தனம் சாரத்திலும் துவாயிலும் வந்து நின்றது.

வருகிற வெள்ளிக்கிழமை அந்த மருந்து ஏறும். ஏறினால் பல நாளைக்கு அவர் கண்ணைத் திறந்து யாரோடும் கதைக்கும் நிலையில் இருக்கமாட்டார் என்றும், அந்த நாட்களைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் இந்தக் கோபத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிவமணிக்கு அது ஒன்றே குறி. ஆனால் தொலைபேசியில் தீர்க்க முடியாது. அவள் தன்னை அறிந்தவள். வாயைத் திறந்தால் மன்னிப்பு வராது, அன்னாசிதான் வரும்.

இப்படி இருக்கையில் திங்கட்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ருஷ்தா என்ற பெண் ஒரு பெட்டியோடு வந்தாள். தெஹிவளைக்காரி. நோயாளிகளின் வீட்டாரைக் கவனிப்பது அவளுடைய வேலை. பெட்டிக்குள் தடித்த கறுப்புக் கையுறை ஒன்று, வயர்கள், ஒரு சின்ன டப்பா.

“அன்ட்டி, இது புதுச் சாமான். அங்கிள்ட கட்டிலோட ஒரு ரப்பர் கை பூட்டி ஈக்கி. நீங்க இந்தக் கிளவுஸப் போட்டு இங்க கையப் பொத்தினா அங்க அது பொத்தும். அவர் அதப் பிடிச்சா உங்களுக்கு இங்க வெளங்கும். மணிக்கட்ட எந்தப் பக்கத்தில திருப்பினாலும் மத்தப் பக்கத்திலயும் திரும்பும். சூடு கூடப் போகும்.”

“கதைக்கத் தேவையில்லையோ?”

“கதைக்கோணுமெண்டா போன ஸ்பீக்கர்ல போடலாம். கதைக்காமலும் ஏலும்.”

இப்படி ஒரு சாமானை யாரோ தன்னை நினைத்தே செய்திருக்கிறார்கள் என்று சிவமணிக்குப் பட்டது. மன்னிப்பைச் சொல்ல வராது, கையைப் பிடித்து அமத்த வரும். ருஷ்தா மேலும் சொன்னாள்: நாளையிலிருந்து வியாழன் வரை, பின்னேரம் ஐந்து மணியிலிருந்து அரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமையோடு ரப்பர் கையைக் கழற்றிவிடுவார்கள். அவருடைய வலக்கையில் சேலைன் ஏறுவதால் கை இடப்பக்கம்தான் பூட்டியிருக்கிறது. ஆகவே கையுறையும் இடக்கைக்கு உரியது.

அன்றிரவே சிவமணி ஒரு பிழை விட்டாள். மச்சாளுக்கு, அதாவது பொன்னம்பலத்தாரின் தமக்கை தையல்நாயகிக்கு, தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வருத்தமாகக் கிடந்தால் போய்ப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் அது பத்து வருஷத்துக்குக் கதைக்கப்படும். பார்ப்பதென்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதல்ல. பக்கத்தில் இருந்து, கையைத் தொட்டு, “மெலிஞ்சு போனியள்” என்று சொல்லிவிட்டு வரவேண்டும். தனியறைக்குள் ஒருவரையும் விடவில்லை என்றதில் சனம் ஏற்கெனவே தவித்துப் போயிருந்தது. வாங்கி வைத்த தோடம்பழங்கள் வாடிக்கொண்டிருந்தன. இப்போது பொன்னம்பலத்தாரின் கை இராமகிருஷ்ணா றோட்டில், நாலாம் மாடியில், வீட்டுச் சோபாவிலேயே கிடக்கிறது என்ற செய்தி வந்தால் சும்மா இருப்பார்களா?

செவ்வாய்க்கிழமை அரை மணித்தியாலம் தொடங்க முன்னரே வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைவது போலவே நுழைந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்கள். கைபேசியை அணைத்தார்கள். ஒருவர் வாசலில் கைகழுவும் மருந்து இல்லையே என்று குறைப்பட்டார். கையுறை சோபாவில் தனியே கிடப்பதைப் பார்க்க யாருக்கோ மனம் பொறுக்காமல் கீழே ஒரு தலையணையை வைத்தார். இன்னொருவர் மணிக்கட்டுவரை ஒரு போர்வையை இழுத்து மூடினார். நாலைந்து பேர் கால்மாட்டில், அதாவது சோபாவின் மற்ற நுனியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இரவில ஆர் பக்கத்தில நிக்கிறது?” என்று ஒரு பெண் சிவமணியிடம் கேட்டாள்.

“சோபாவுக்கோ?” என்றாள் சிவமணி.

முதல் உரிமை தையல்நாயகிக்கு. எழுபத்தைந்து வயது, நல்ல உடம்பு, விரலில் பவள மோதிரம். அவள் கையுறையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“உது இடக்கையெல்லே.”

“ஓம் மச்சாள். அவருக்கு வலக்கையில சேலைன் ஏறுதாம்.”

“ஏறட்டும். அதுக்காக நோயாளிக்கு இடக்கையைக் குடுக்கிறதோ? அவன் பிறந்த நாள் தொட்டு நான் இடக்கையால ஒரு வாழைப்பழம் குடுத்ததில்லை.”

மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆமோதித்தார். “வெளிநாட்டான் செய்தது. அவங்களுக்கு எந்தக் கையும் ஒண்டுதான். நாங்கள் அப்பிடி விடேலுமோ?”

தையல்நாயகி விடவில்லை. வலக்கையை அந்த இடக்கை உறைக்குள் திணித்தாள். பெருவிரல் போயிருக்க வேண்டிய இடத்தில் சின்னவிரல் போயிற்று. சின்னவிரல் போயிருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் போயிற்று. “இப்ப சரி,” என்று சொல்லித் தம்பியின் கையை அன்போடு இறுக்கிப் பிடித்தாள். பின்னால் நின்றவர்களும் அதுதான் முறை என்று கண்டுகொண்டார்கள். அன்று பொன்னம்பலத்தாரைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் வலக்கையால்தான் தொட்டார்கள்.

மறுபக்கத்தில் அந்த ரப்பர் கையின் சின்னவிரல், பெருவிரல் வேலையைச் செய்யப் புறப்பட்டது. அது குறுக்கே மடங்கி வந்து பொன்னம்பலத்தாரின் விரலைக் கவ்வியது. பெருவிரல் ஒரு பக்கமாக நின்று சும்மா துடித்தது. தையல்நாயகி ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்த தொலைபேசியில் அவருடைய குரல் கேட்டது:

“மிஸ், இதுக்குள்ள நண்டு பூந்திட்டுது.”

கூடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நண்டு கேக்கிறான்,” என்றாள் தையல்நாயகி. கண் கலங்கிவிட்டது. “பாவம், அங்க என்னத்தைக் குடுக்கிறாங்களோ.”

அந்த நண்டுக் கதையைப் பொன்னம்பலத்தார் வீட்டுக்கு வந்த பிறகு, இருந்த இரண்டு வருஷமும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டினார். சின்னவிரலை வளைத்து எதிரே இருப்பவரின் விரலைக் கவ்வுவார். இன்றைக்கும் அவரை நினைத்தால் சிவமணிக்கு அவருடைய முகத்துக்கு முன்னதாக அந்த விரல்தான் வரும்.

அன்று அவளுக்கு முறை வரவே இல்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி முடிக்க நேரம் முடிந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை தையல்நாயகி நண்டுக் கறியோடு வந்தாள். நோயாளிக்கு வெளிச்சாப்பாடு கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியாயிற்று. “தெரியும், தெரியும். அவன் பேரைச் சொல்லி நீர் சாப்பிடும்,” என்று மேசையில் வைத்தாள். மேசையில் ஏற்கெனவே தோடம்பழமும் முந்திரிப்பழமும் மாதுளம்பழங்களும் நிறைந்து, பழக்கடை போல் இருந்தது.

தபாலதிபருக்கு நாடி பார்க்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிய வந்தது. அவர் கண்ணை மூடிக் கையுறையின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார்.

“வேகமா ஓடுது. பித்தம் கூடிப் போச்சு.”

“அங்கிள், அது மோட்டர் ஓடுற துடிப்பு,” என்றாள் ஸ்பீக்கரில் ருஷ்தா.

“மோட்டரெண்டாலும் சூடுதானே பிள்ளை.”

அதற்குப் பின்னால் பொன்னம்பலத்தாரின் குரல்: “மிஸ், இண்டைக்கு வேற நண்டு. கொஞ்சம் கிழட்டு நண்டு.”

ருஷ்தாவுக்கு விளங்கவில்லை. “அன்ட்டி, அங்க கிளவுஸ சரியாப் போடுறீங்கதானே? இங்க விரலெல்லாம் ஒரு மாதிரிப் போகுது.” சிவமணி பதில் சொல்ல வாயெடுக்க, தையல்நாயகி முந்திக்கொண்டாள்: “எல்லாம் முறைப்படிதான் பிள்ளை. நீங்கள்தான் இடக்கையை அனுப்பிப்போட்டியள்.”

சிவமணியால் எழுந்து நின்று, “எனக்கும் கொஞ்சம் விடுங்கோ” என்று கேட்டிருக்க முடியாதா என்றால், முடியாது. பெண்சாதிக்கு அப்படி என்ன தனியான அவசரம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் கோபம் வெளியே வரும். புருஷன் சாகக் கிடக்கையில் கோபம் போட்டவள் என்ற பெயரை இந்தக் கூடம் அரை நாளில் இரத்மலானைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அன்றைய அரை மணியும் போயிற்று. இரவு அவள் நண்டுக் கறியைச் சாப்பிட்டாள். நல்ல கறி. அதுவும் அவளுக்கு ஆத்திரத்தைத் தந்தது.

வியாழக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இல்லாதது போல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். தையல்நாயகியிடம் மாற்றுத் திறப்பு இருந்தது. ஐந்து மணிக்கு முன்னரே தானாகத் திறந்துகொண்டு வந்தாள். பின்னால் தபாலதிபர். அவருக்கும் பின்னால், இரண்டு நாளாகத் தலை காட்டப் பயந்திருந்த கிளெமென்ற், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கையில் பழம் எதுவும் இல்லாமல் நின்றார். பழம் கொண்டுவர அவருக்குத் துணிவில்லை.

“கடைசி நாளெல்லே,” என்றாள் தையல்நாயகி. “நான் அஞ்சு நிமிஷத்தில விட்டிடுவன்.”

அன்று வெக்கை கடுமை. அவளுடைய கை வீங்கியிருந்தது. முக்கி முனகி உள்ளே விட்டாள். தம்பியின் கையைப் பிடித்து, பிள்ளையாரை வேண்டி, “போட்டு வாறன் ராசா” என்று சொல்லிவிட்டு இழுத்தாள். கை வரவில்லை. பவள மோதிரம் உள்ளே எங்கோ கொழுவிக்கொண்டுவிட்டது. மறுபடி இழுத்தாள். தபாலதிபர் கையுறையின் நுனியைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார்.

“அன்ட்டி, அன்ட்டி,” என்று ஸ்பீக்கர் பதறியது. ருஷ்தா தனியறைக்கு முன்னாலிருந்த சின்ன அறையில் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். “என்ன செய்றீங்க? இங்க கை பேயாட்டம் ஆடுது. கட்டில் கம்பில அடிக்குது. அங்கிள்ட கண்ணாடியத் தட்டிட்டுது.”

“அது என்ர அக்கா எண்டு சொல்லுங்கோ, மிஸ்,” என்றது பொன்னம்பலத்தாரின் குரல். “சின்ன வயசிலயும் இப்பிடித்தான் அடிக்கிறவ.”

“எண்ணெய் கொண்டு வாரும்,” என்றாள் தையல்நாயகி. சிவமணி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தாள். ஊற்றினார்கள். கை இன்னும் ஆழமாகப் போயிற்று. கிளெமென்ற் தையல்நாயகியைப் பின்னாலிருந்து இடுப்பில் பிடித்து இழுப்பதா வேண்டாமா என்று கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றார்.

“இழு கிளெமென்ற். நான் உன்ர கொம்மா மாதிரி.”

அவர் இழுத்தார். தபாலதிபர் எதிர்ப்பக்கம் இழுத்தார். ஸ்பீக்கரில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. “யூரின் போத்தல்,” என்றது பொன்னம்பலத்தாரின் அமைதியான குரல். “வெறும் போத்தல்தான்.” சிவமணி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அரை மணியில் முக்கால்வாசி கரைந்துவிட்டிருந்தது. கடைசியில் ‘புளக்’ என்ற சத்தத்தோடு கை வெளியே வந்தது. தையல்நாயகியும் கிளெமென்றும் பழங்கள் வைத்த மேசையில் போய் விழுந்தார்கள். தோடம்பழங்கள் கூடமெங்கும் உருண்டன.

தபாலதிபர் கையுறையைச் சாரத்தில் துடைத்தார். சேட்டுக் கையை முழங்கைவரை மடித்தார். “சரி. அடுத்தது நான்,” என்றார்.

“இருங்கோ,” என்றாள் சிவமணி.

அவள் கத்தவில்லை. அதனாலேயே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாரும் வெளியில போங்கோ. எனக்கும் என்ர மனுசனுக்கும் கதையில்லை. அவர் போன நாள் தொட்டுக் கதையில்லை. நாளைக்கு மருந்து ஏத்தப்போறாங்கள். அதுக்கு முதல் நான் கோவம் தீர்க்க வேணும். உங்களை வைச்சுக்கொண்டு எனக்கு அது ஏலாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தொலைபேசி ஸ்பீக்கரில் இருப்பது ஞாபகம் வந்தது.

“கதையில்லையோ?” என்றாள் தையல்நாயகி, ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு. “ஏனாம்?”

“அன்னாசி,” என்றார் கிளெமென்ற் நிலத்தைப் பார்த்து. “நான்தான் வாங்கிக் குடுத்தது. அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். முதல் துண்டுக்கு.”

“உன்னைக் கண்ட நாள் தொட்டுத் தெரியும்,” என்று தையல்நாயகி தொடங்கினாள். கிளெமென்ற் அவளையும் தபாலதிபரையும் மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திய பிறகும் படிக்கட்டில் அவருக்கு விழும் ஏச்சுக் கேட்டது.

சிவமணி சோபாவில் இருந்தாள். இடக்கையை உள்ளே விட்டாள். எண்ணெயில் வழுக்கி, ஐந்து விரலும் தத்தம் இடத்தில் போய் நின்றன.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாளாக நண்டுக் கடி வாங்கிய மனுசன் கையைத் தூர வைத்திருந்தார்.

“இப்ப ஆர் எண்டு கேளுங்கோ, மிஸ்.”

“அன்ட்டி, அங்கிள்.”

“நண்டில்லையாமோ?”

“அவருக்குச் சொல்லுங்கோ மிஸ், நண்டெல்லாம் படியால இறங்கிப் போட்டுது எண்டு.”

“உங்க ரெண்டு பேருக்கும் நல்லாக் கேக்குதுதானே,” என்றாள் ருஷ்தா. “நான் நடுவில என்னத்துக்கு?”

“நீங்கள் இருங்கோ,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஒரு விரல் வந்து அவளுடைய உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தது. மெல்லத்தான். சிவமணி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“அன்ட்டி, இழுக்காதீங்க. பிடிங்க.”

“எனக்கு உதெல்லாம் பழக்கமில்லை பிள்ளை. கலியாணத்தண்டு ஒருக்காப் பிடிச்சது. அதுவும் ஐயர் சொன்னபடியால்.”

“ஐயர் இல்லாட்டிப் பரவாயில்ல. நான் சொல்றேன், பிடிங்க.”

சொல்வது சுகம். சிவமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எவ்வளவு அமத்தினால் மன்னிப்பு, எவ்வளவு அமத்தினால் கொழுப்பு என்று ருஷ்தா சொல்லித் தந்திருக்கவில்லை. வாய்க்குள் அன்னாசி வந்து நின்றது. என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் அவளுடைய கைகள் தாமாகவே ஒரு வேலையைச் செய்யும். வலக்கை போய்ச் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தது. விருந்தாளிகளுக்கென்று போட்டு வைத்த தேத்தண்ணி மிச்சமிருந்தது. ஊற்றுவதென்றால் மற்றக் கை கோப்பையைப் பிடிக்க வேண்டும். பிடித்தது.

“அன்ட்டி, என்ன பிடிச்சி ஈக்கிறீங்க? கை எழும்பி அப்பிடியே நிக்குது. சுடவும் சுடுது.”

சிவமணி அசையவில்லை. அந்தப் பக்கம் பொன்னம்பலத்தார் அந்த ரப்பர் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். காலையில் அவர் வாசிக்கும் பத்திரிகைக்கு மேலால் நீண்டு வருகிற பிடி அது. கோப்பையின் காது உடைந்துபோன நாளிலிருந்து சுட்டுவிரலைச் சூட்டுக்குப் பயந்து சற்று விலக்கித்தான் பிடிப்பாள். புதுக் கோப்பை வாங்கிய பிறகும் அந்த விரல் கிட்ட வரவில்லை. வீட்டில் எத்தனையோ கோபங்கள் அப்படி, ஒரு சொல்லும் இல்லாமல், பத்திரிகைக்கு மேலால் நீண்ட கோப்பையோடு முடிந்திருக்கின்றன.

“இஞ்சேரும்,” என்றார். மிஸ் இல்லை, கேளுங்கோ இல்லை, நேரே. “தேத்தண்ணியோ?”

“ஓம்.”

“சீனி போட்டீரோ?”

உங்களுக்கு ஏன் சீனி, டொக்டர் என்ன சொன்னவர், றோட்டில நிண்டு திண்டது காணாதோ என்று ஒரு பெரிய வசனம் அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. சிவமணி அதை விழுங்கினாள்.

“ரெண்டு கரண்டி,” என்றாள்.

இப்போது அவளுடைய கையைச் சுற்றி ஐந்து விரல்கள் வந்து மூடின. ஊசி குத்திக் குத்தி மெலிந்து போன கை என்பது உறைக்குள்ளும் விளங்கியது. அந்தக் கை அவளுடைய கையைப் பிடித்துத் தன் வாய்ப் பக்கம் சாய்த்தது. குடிக்கத்தான். ஆஸ்பத்திரியில் அது ரப்பர் கை. அதில் கோப்பை இல்லை. வெள்ளவத்தையில் கோப்பை இருந்தது. கையுறை அவளுடைய மணிக்கட்டைத் திருப்ப, முழுத் தேத்தண்ணியும் சோபாவில் ஊற்றுண்டது.

“ஐயோ,” என்றாள்.

“என்ன?”

“ஊத்துப்பட்டுப் போச்சு. இழுத்துப்போட்டியள்.”

“எங்க ஊத்தினது?”

“சோபாவில.”

“எந்தச் சோபா? நுகேகொடையில எடுத்ததோ?”

“வீட்டில வேற எத்தினை சோபா கிடக்கு?”

“சுடுதண்ணி விடாதையும். கறை பிடிச்சிடும். பச்சைத்தண்ணி.”

“எனக்குத் தெரியும்.”

“உமக்குத் தெரியாது. என்ர வெள்ளைச் சேட்டுக்கு என்ன நடந்தது?”

“சேட்டை ஆர் கறிச்சட்டிக்கு மேல காயப்போட்டது?”

“மழை பெய்தால் வேற எங்க போடுறது? பல்கனி முழுக்க உம்மட பூச்சட்டி.”

“பூச்சட்டியைப் பற்றிக் கதைக்காதையுங்கோ.”

கதவுக்கு வெளியே படிக்கட்டில் தையல்நாயகியின் குரல்: “சண்டை முடியேல்லைப் போல கிடக்கு. நான் உள்ளுக்குப் போகட்டோ?” கிளெமென்றின் குரல்: “இருங்கோ அக்கா. முந்தித்தான் சண்டை. இப்ப சும்மா கதைக்கினம்.”

“அன்ட்டி, நேரம் முடிஞ்சி,” என்றாள் ருஷ்தா. பிறகு, அவளுக்கும் என்ன தோன்றியதோ, “கொஞ்சம் பொறுத்து வாரேன்” என்றாள். முன்னறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தேத்தண்ணி மெத்தைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேசைத் துணி எட்டும் தூரத்தில் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கை பிடித்த பிடியை விடவில்லை.

“கையை விடுங்கோ. நான் துடைக்க வேணும்.”

“வலக்கையால துடையும்.”

இடப்பக்கத்து நுனியில் ஊறியிருந்ததை, உடம்பை முறுக்கிக் குனிந்து, அவள் வலக்கையால் துடைத்தாள். அப்படித் துடைத்தால் ஒழுங்காகப் போகாது. அந்தக் கறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.